“ஆறு பேர் போதும், ஜனவரியில் வாருங்கள்” என்கிறது மிஷன்

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சபையில் வாலிபர் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை எங்கள் பிள்ளைகள் முப்பது பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, ரொறன்ரோ டவுன்டவுனில் உள்ள வீடற்றோர் மிஷன் ஒன்றுக்குப் போய்ச் சாப்பாடு பரிமாறத் திட்டமிட்டோம். அம்மாமார் பிரியாணி சமைத்துத் தருவதாகச் சொன்னார்கள். போதகர் கரோல் பாடிப் பத்து நிமிடம் செய்தி கொடுக்க விரும்புகிறார். பழைய உடுப்பும் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆனால் மிஷனில் பேசியபோது, “டிசம்பரில் வேண்டாம், ஜனவரிக்குப் பிறகு வாருங்கள், ஒரு தடவைக்கு ஆறு பேர் போதும், சமைத்த சாப்பாடு கொண்டுவர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் மனம் விட்டுப்போய்விட்டது. “நல்லது செய்ய வருகிறவர்களை வேண்டாம் என்பார்களா?” என்று கேட்கிறார்கள். வேறு மிஷன் பார்க்கலாமா, அல்லது நாங்களே தெருவில் இறங்கிக் கொடுக்கலாமா? சில பெற்றோருக்குப் போதை, சண்டை என்று பயமும் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வேறு மிஷன் தேடவேண்டாம். உங்களுக்கு அப்படிப் பதில் சொன்ன இடமே நல்ல இடம். முப்பது பேரையும் “வாருங்கள், வாருங்கள்” என்று உள்ளே விட்டுப் படம் எடுத்து அனுப்புகிற இடமாக இருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

டவுன்டவுனில் வீடற்றோர் தங்கும் ஷெல்டர்களில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறவள் என்ற முறையில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வங்கிகள், வக்கீல் அலுவலகங்கள், பள்ளிகள், எங்களைப் போன்ற சபைகள் என்று எல்லோருக்கும் அந்த மூன்று வாரத்தில்தான் தொண்டு செய்யும் நினைப்பு வரும். கரட் வெட்ட நாலு பேர் போதுமான மேசையைச் சுற்றி ஒரு டசின் பேர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சமையலறை நடத்துகிறவருக்குச் சமைப்பதைவிட, வந்தவர்களுக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுப்பதே பெரிய வேலையாகிவிடும். ஜனவரி நடுவில் வந்து பாருங்கள். வெளியே மைனஸ் இருபது. உள்ளே வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். அடிப்பிடித்த சட்டி தேய்க்க ஒரு கை கிடைக்காது. உங்களைக் கூப்பிட்டிருப்பது அந்த நாளுக்கு. மறுத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முப்பது பேர் ஏன் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த மண்டபம் சாப்பிட வருகிறவர்களுடைய சாப்பாட்டறை. தினமும் ஒரே மூலையில், ஒரே கதிரையில், யாரோடும் கதைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரவு முழுக்கத் தூங்காமல் நடந்துவிட்டு வந்து கோப்பியைக் கையில் பிடித்தபடியே கண் அயர்கிறவர்கள் உண்டு. திடீரென்று ஒரே நிற டீ-சேர்ட் போட்ட முப்பது பேர் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தால், பாதிப்பேர் சாப்பிடாமலே எழுந்து போய்விடுவார்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி முன்பின் தெரியாத முப்பது பேர் நின்று பார்த்தால் உங்களுக்கும் சோறு இறங்காது.

தெருவில் கொடுக்கும் யோசனையை முழுவதுமாகக் கைவிடுங்கள். நல்ல மனதோடு வருகிற குழுக்கள்தான் இதைச் செய்கின்றன, எனக்குத் தெரியும். வான் வந்து வீடற்றவர்கள் இருக்கிற கூடாரங்களுக்குப் பக்கத்தில் நிற்கும். கதவு திறக்கும். ஜாக்கெட் பத்து, ஆட்கள் நாற்பது. முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போகும். கையிருப்பு குறையத் தொடங்கியதும் தள்ளுமுள்ளு வரும். பெற்றோர் பயப்படுகிற சண்டை அதிகமாக நடப்பது மிஷனுக்குள் அல்ல, இப்படிச் சாமான் முடிகிற இடத்தில். குழு வானில் ஏறிப் போனபிறகு பனிக்குள் கிடக்கிற ஸ்டைரோஃபோம் பெட்டிகளைப் பார்த்து அயலவர்கள் நகரசபைக்கு முறைப்பாடு செய்வார்கள். பழி கூடாரத்தில் இருப்பவர்கள் தலையில் விழும்.

பிரியாணி விஷயத்தில் அம்மாமாருக்கு மனவருத்தம் இருக்கும். அவர்களுக்கு இப்படிச் சொல்லுங்கள். மிஷன் சமையலறையும் உணவகம் மாதிரிப் பொதுச் சுகாதாரப் பரிசோதனைக்கு உட்பட்டது. சூடான சாப்பாடு 60 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிரான சாப்பாடு 4 பாகைக்கு மேல் போகக் கூடாது. பத்து வீட்டில் சமைத்து, ஒன்றாகக் கொட்டி, 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் கொண்டுவருகிற கோழிக்கு யாரும் பொறுப்பெடுக்க முடியாது. எனக்கும் உங்களுக்கும் வயிற்றோட்டம் வந்தால் வீட்டில் படுத்திருப்போம். கழிப்பறைக்குக் கடை கடையாகக் கெஞ்சுகிற ஒருவருக்கு அது வந்தால் என்ன ஆகும்? அப்புறம், பல் பிரச்சினை. தெருவில் நெடுநாள் இருந்தவர்களில் பலருக்குக் கடிக்கப் பல் இல்லை. முறுக்கு, அப்பிள் எல்லாம் அன்போடு வந்து அப்படியே மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சாப்பாட்டைத்தான் கொடுக்கவேண்டும் என்று ஆசை இருந்தால் மிஷன் சமையற்காரரிடம் கேளுங்கள். அவர்களுடைய அடுப்பில், அவர்களுடைய நேரத்தில், உறைப்புக் குறைத்த பருப்பும் சோறும் சமைக்க ஒரு நாள் தரலாம். அம்மாமாரில் இரண்டு பேர் உணவு கையாளும் சான்றிதழ் எடுத்துவைத்தால் அந்த வாசல் சுலபமாகத் திறக்கும்.

பழைய உடுப்பைக் கொண்டுபோக முன் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். சேலை, பிளேசர், குழந்தைச் சட்டை எல்லாம் அதற்குள் இருக்கும், அவற்றைப் பிரிப்பது மிஷனுக்கு ஒரு நாள் வேலை. கேட்டால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் புதிய சொக்ஸ், புதிய உள்ளாடை, பெண்களுக்கு நப்கின், பெரிய அளவு குளிர்காலச் சப்பாத்து. சொக்ஸ் என்றால் சிரிக்காதீர்கள். நனைந்த சொக்ஸோடு நாள் முழுக்க நடந்த கால் எப்படி வெளிறி, தோல் உரிந்து இருக்கும் என்று எங்கள் தாதிமாருக்குத் தெரியும். டிம் ஹோர்ட்டன்ஸ் கார்டும் நல்லது. ஐந்து டொலர் கார்டில் ஒரு கோப்பி மட்டுமல்ல, கொஞ்ச நேரம் சூடான இடத்தில் உட்கார ஒரு உரிமையும் இருக்கிறது.

இப்போது போதகருடைய செய்தி. இதில் கொஞ்சம் நேரம் எடுக்கப்போகிறேன், மன்னியுங்கள்.

ரொறன்ரோவின் பழைய மிஷன்கள் எல்லாம் சபைகள் தொடங்கியவைதான். ஃபிரெட் விக்டர் 1894இல் மெதடிஸ்டுகள் தொடங்கியது. யங் ஸ்ட்ரீட் மிஷன் 1896. ஸ்கொட் மிஷனை 1941இல் தொடங்கியவர் மொரிஸ் சைட்மன் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர். விசுவாசம்தான் அந்தக் கதவுகளைத் திறந்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் பாட்டு, பிறகு செய்தி, அதன்பின் சூப் என்ற பழைய ஒழுங்கைப் பல இடங்கள் கைவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. பசியோடு இருப்பவன் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாதவனுக்குச் சொல்கிற செய்தியை அவன் கேட்டான் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று இதைவிடப் பெரியது. 2021இல் நகரசபை எடுத்த கணக்கில், ரொறன்ரோவில் வீடில்லாமல் இருந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் பூர்வகுடி மக்கள். நகரத்து மொத்தச் சனத்தொகையில் அவர்கள் மிகச் சிறிய பங்கு. பூர்வகுடிப் பிள்ளைகள் ஒன்றரை லட்சம் பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த விடுதிப் பள்ளிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரசாங்கம் பணம் கொடுத்தது, நடத்தியவை சபைகள். கத்தோலிக்கம், அங்கிலிக்கன், யுனைட்டட், பிரெஸ்பிட்டேரியன். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். அப்படியானால் உங்கள் பிள்ளைகள் கோப்பி ஊற்றிக் கொடுக்கப்போகிற ஐம்பது வயது மனிதர் அங்கே படித்தவராக இருக்கலாம், அல்லது அங்கே படித்த தாயின் மகனாக இருக்கலாம். வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி ஒருவர் எழுந்து நிற்பதைப் பார்த்தாலே அவருக்கு என்ன ஞாபகம் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. தமிழ்ப் போதகர் அந்தப் பாவத்தில் பங்காளி இல்லை, சரி. ஆனால் அது அவருடைய நெற்றியில் எழுதியிருக்காது.

ஆகவே மண்டபத்தில் செய்தி வேண்டாம். மிஷனுக்குச் சிற்றாலயம் இருந்தால், விரும்பியவர்கள் வருகிற ஆராதனையில் பாட இடம் தருவார்களா என்று கேளுங்கள். யாராவது தாங்களாக “எனக்காக ஜெபிப்பாயா?” என்று கேட்டால் பிள்ளைகள் தயங்கவேண்டாம். அப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. போதகர் கோபிப்பார் என்று பயப்படாதீர்கள், அவரையும் முதல் ஆறு பேரில் ஒருவராகக் கூட்டிப்போய்த் தட்டுக் கழுவும் இடத்தில் விடுங்கள். என் அனுபவத்தில் போதகர்மாருக்கு அது நன்றாகப் பிடிக்கும். ஒருவரும் பிரச்சினை சொல்ல வராத இரண்டு மணித்தியாலம் அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்!

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். அந்த வரிசையில் ஒரு தமிழர் நிற்கலாம்.

எங்கள் ஆட்கள் தெருவுக்கு வருவதில்லை என்று நினைப்பது தவறு. வேலை போனவர், குடியால் குடும்பம் பிரிந்தவர், நிலவறை வாடகை அறையிலிருந்து வெளியேற்றப்பட்டவர், அகதி விண்ணப்பத்தோடு வந்து இறங்கியவர் என்று பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் ஸ்காபரோவிலிருந்து வேண்டுமென்றே டவுன்டவுன் வந்தவர்கள். காரணம் ஒன்றுதான்: தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது. தமிழ்க் குழு ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அன்றைக்குச் சாப்பிட வராமலே விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். வேறொரு ஐயா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் மட்டும் “தேங்க் யூ” என்று சொல்லித் தட்டை வாங்கினார். பரிமாறிய பெண்ணுக்கு அவர் தமிழர் என்றே தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

எனவே உங்களோடு வருகிற பெரியவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: “தம்பி எந்த ஊர்? ஆருடைய மகன்?” என்று ஆரம்பிக்கவே கூடாது. எங்களுக்கு அது பாசம், அவருக்கு அது விசாரணை. அவர் தமிழில் கதைத்தால் நீங்களும் தமிழில் கதையுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்கிற அதே “குட் மோர்னிங்” போதும். திரும்பி வந்தபிறகு, “இன்ன ஊர் ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார், அவருக்காக ஜெபிப்போம்” என்று புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொல்லவும் கூடாது. ஜெபக் குறிப்பாகத் தொடங்கியது ஞாயிற்றுக்கிழமைக்குள் பக்கத்து நகரமான மார்க்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு உதவி தேவை என்று பட்டால் மிஷன் ஊழியரிடம் தனியாக, “தமிழில் கதைக்க யாராவது வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். மிச்சத்தை அவர் முடிவுசெய்யட்டும்.

படம் எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது எடுப்பார்கள். சாப்பிட வருகிறவர்கள் ஒருவரும், முதுகுப்பக்கம்கூட, படத்தில் வரக் கூடாது. போன்களை ஒரு பையில் போட்டு அலுவலக அறையில் வைத்துவிடுங்கள்.

பெற்றோர் பயத்துக்கு வருகிறேன். பயப்படுவது நியாயம்தான். போதைப்பொருள் பாவிப்பவர்கள் அங்கே இருப்பார்கள், மனநோயால் தனக்குள் உரக்கப் பேசுகிறவர்கள் இருப்பார்கள், சிலவேளை யாராவது கத்துவார்கள். அநேகமாக அது பிள்ளைகளைப் பார்த்து அல்ல. ஊழியர்கள் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள். பிள்ளைகளின் வேலை, பின்னால் நகர்ந்து வழிவிடுவது மட்டுமே. எப்போதும் இரண்டு பேராக நிற்கவேண்டும். முழுப்பெயர், இன்ஸ்டகிராம், பள்ளிக்கூடத்தின் பெயர் சொல்லக் கூடாது. யாருடைய பையையும் நகர்த்தித் துடைக்கக் கூடாது, அவருடைய வீடு அதற்குள்தான் இருக்கிறது. ஊசி கிடந்தால் தொடாமல் ஊழியரைக் கூப்பிடவேண்டும். ஒருவர் எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாக, உதடு நீலமாக இருந்தால் “தூங்குகிறார்” என்று விட்டுவிட்டுப் போகாமல் உடனே சொல்லவேண்டும். அளவு மீறிய போதைக்கு மூக்கில் அடிக்கிற நலொக்ஸோன் ஊழியர்களிடம் இருக்கும். ஒன்ராறியோவில் மருந்துக் கடைகளில் அதை இலவசமாகத் தருகிறார்கள், நீங்களும் ஒன்று வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். தங்கச் சங்கிலி, காப்பு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை, எனவே வயதெல்லையை முதலிலேயே கேளுங்கள்.

பிள்ளைகளிடமிருந்து நிச்சயம் வரப்போகிற கேள்வி, “இவர்கள் ஏன் வேலைக்குப் போகக்கூடாது?” என்பது. பஸ்ஸில் போகும்போது பதில் சொல்வதைவிட, முந்திய வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கணக்குக் கொடுங்கள். ஒன்ராறியோவில் தனிமனிதர் ஒருவருக்கு ‘ஒன்ராறியோ வேர்க்ஸ்’ என்ற அரசாங்க உதவிப் பணம் 2018இலிருந்து மாதம் அதிகபட்சம் 733 டொலரில் நிற்கிறது. அதில் வாடகைக்கென்று 390. ஸ்காபரோவில் ஒரு நிலவறை அறை என்ன விலை போகிறது என்று பிள்ளைகளே தங்கள் போனில் தேடிப் பார்க்கட்டும். முகவரி இல்லாமல், குளிக்க இடமில்லாமல், போன் சார்ஜ் இல்லாமல் வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2021 வசந்தத்தில் ரொறன்ரோவில் வீடற்றவர்கள் 7,300 பேரளவில் இருந்தார்கள், 2024 இலையுதிர்காலத்தில் 15,400 அளவு. மூன்றரை வருடத்தில் இந்த நகரத்தில் சோம்பேறிகள் இரட்டிப்பாகவில்லை.

ஒரு தடவைக்கு ஆறு பேர் என்றால் மீதி இருபத்துநாலு பேர் என்ன செய்வது? ஐந்து குழுவாகப் பிரித்து, ஜனவரியிலிருந்து மாதம் ஒரு குழு என்று போங்கள். மே மாதம் வரை வரும். ஒவ்வொரு குழுவிலும் ஒரே இரண்டு பெரியவர்கள் போனால் இன்னும் நல்லது, வருகிறவர்களுக்கு ஒரு முகமாவது பழகும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க 40 மணித்தியாலத் தொண்டு வேண்டுமே என்று பெற்றோர் கேட்பார்கள். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மிஷன் கையெழுத்துப் போட்டுத் தரும். ஆனால் மணித்தியாலம் முடிந்த பிறகும் வருகிற பிள்ளை யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் குழுவை நடத்த அந்தப் பிள்ளை போதும்.

டவுன்டவுன் போகாத வாரங்களில் உங்கள் வாசலிலேயே வேலை இருக்கிறது. கிங்ஸ்டன் ரோட் மோட்டல்களில் வீடில்லாத குடும்பங்களை, சின்னப் பிள்ளைகளோடு, நகரசபை பல வருடங்களாகத் தங்கவைத்து வந்திருக்கிறது. சபைக்குச் சொந்த மண்டபம் இருந்தால் இன்னும் பெரிதாக யோசிக்கலாம். 1987இல் சிஸ்டர் சூசன் மோரன் சென்ட் மைக்கல்ஸ் கொலிஜ் பள்ளி மாணவர்களோடு தொடங்கிய ‘அவுட் ஒஃப் த கோல்ட்’ அப்படித்தான் சபைகளுக்கும் யூத ஆலயங்களுக்கும் பரவியது: வாரத்தில் ஒரு குளிர்கால இரவு, ஒரு சாப்பாடு, ஒரு பாய். அதற்கு அனுமதி, காப்புறுதி, பயிற்சி என்று நிறையத் தேவை, ஒரு வருடம் முன்கூட்டியே தொடங்கவேண்டும். அப்புறம், உங்கள் பக்கத்தில் புதிய ஷெல்டர் வரப்போகிறது என்று அயலவர் கூட்டம் கூடினால், எதிர்க்கிறவர்களின் வரிசையில் உங்கள் சபையார் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். டவுன்டவுனுக்கு பிரியாணி அனுப்பிவிட்டு இங்கே மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பெரியவர்களில் வேலை ஓய்வு பெற்றவர்கள் இருந்தால், ஈட்டன் சென்டருக்குப் பின்னால் உள்ள ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்கு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மதியம் ஒருதடவை போய் வரச் சொல்லுங்கள். வீடில்லாமல் இறந்தவர்களின் பெயர்களை வெளியே மாட்டிவைத்து, அந்த மாதத்தில் சேர்ந்த பெயர்களை வாசிப்பார்கள். பெயர் தெரியாதவர்களை ‘ஜோன் டோ’, ‘ஜேன் டோ’ என்று வாசிப்பார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

இந்த வாரம் செய்யவேண்டியது: மிஷனின் தொண்டர் ஒருங்கிணைப்பாளரை மறுபடி கூப்பிட்டு, “சரி, ஜனவரியில் ஆறு பேர் வருகிறோம், எந்த நாளில் ஆள் குறைவு?” என்று கேளுங்கள். சனிக்கிழமை என்று சொல்லமாட்டார்கள், பள்ளி விட்டபின் ஒரு வாரநாள் மாலையாக இருக்கும். பஸ்ஸுக்கும் பிரியாணிக்கும் ஒதுக்கிய பணத்தை உடுப்புக் கணக்கில் கரைக்காமல், காசோலையாக எழுதி, “எதற்கு வேண்டுமோ அதற்கு” என்று குறிப்பு வைத்து டிசம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். மிஷனுக்கும் ஹீட்டர் பில் வரும்.